கறுப்பு மணலில் ஒரு கோடு

பஸ் டிரைவருக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அறிவியல் வகுப்பில் காந்தப் பாடம் வந்த அன்று டீச்சர், "படத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தவள் அப்பாவிடம் கேட்டாள்:

"காந்தத்தைச் சுத்திக் கோடு கோடா இருக்குமாமே. அது எப்படிப்பா இருக்கும்?"

காற்றில் வளைத்துக் காட்டப் போனவர், பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

அவர் ஓட்டும் பஸ் கடற்கரை வரை போய்த் திரும்பும். அலை வழித்துவிட்டுப் போன ஈரமணலில் கறுப்பாக வரி ஓடுவதைத் தினமும் பார்க்கிறவர்தான். அதில் இரும்பு கலந்திருக்கிறது, காந்தத்தில் ஒட்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டதுண்டு. மறுநாள் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டு போனார். மணலில் வைத்து எடுத்தார். ஒட்டியது, எவ்வளவு உதறியும் விடவில்லை.

"அண்ணே, காந்தத்துக்குத் தாடி முளைச்சிருச்சு" என்று கண்டக்டர் சிரித்தார். பிறகு அவரே ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். "இதுக்குள்ள போட்டுத் தடவிப் பாருங்க. காந்தத்தை வெளிய உருவினா மணல் விழுந்துடும்."

விழுந்தது. அன்று டீ குடிக்கப் போகாமல் இருவரும் குனிந்து குனிந்து ஒரு டப்பா சேர்த்தார்கள்.

வீட்டில் மணலைக் கழுவிக் காயவைத்து, கடையில் வாங்கிவந்த சட்டக் காந்தத்தின் மேல் அட்டையை வைத்துத் தூவினார். லேசாகத் தட்டியதும் மணல் வளைவு வளைவாக எழுந்து நின்றது. அம்மா அடுப்பை மறந்துவிட்டுப் பார்த்தாள்.

"இப்ப தொட்டுப் பாரு."

மகள் விரல் பட்டதும் எல்லாம் கலைந்தது.

"வெறும் மணல்தானேப்பா இருக்கு."

அவர் முகம் தொங்கிப்போனது. அவள்தான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பசையைத் தண்ணியாக் கரைச்சு அட்டையில தடவிட்டுத் தூவினா? காய்ஞ்சா கலையாது இல்ல?"

அப்படியே செய்து, காந்தத்தோடு ஜன்னலோரம் வைத்தார்கள். காயும்வரை அம்மா ஃபேன் போட விடவில்லை. மூவரும் புழுங்கித் தவித்தார்கள்.

காய்ந்த அட்டையில் அவள் விரல் ஒரு முனையில் புறப்பட்டு, வளைந்து, மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்து இன்னொரு கோடு. அட்டை முழுவதையும் தடவி முடித்தாள்.

"அப்பா, ஒரு கோடுகூட இன்னொண்ணை வெட்டிக்கிட்டுப் போகல."

குனிந்து பார்த்தார். உண்மைதான். அவர் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

வகுப்பில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் தடவிப் பார்த்தார். "அன்னைக்கு உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்மா" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை; வகுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு செய்யணும்ப்பா. மணல் வேணும்."

அன்று இரவு வீட்டில் அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எனக்கு லீவுதான். நீயும் வாயேன்."