வசந்தாமணி அக்காவும் பொய் சர்வரும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். வசந்தாமணி அக்காவை ஆபீஸிலிருந்து அனுப்பிய அன்று அது உண்மைதான் என்று எனக்கே தெரிந்தது.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வைத்து, வடமாநிலங்களில் போர்வெல் போடும் கம்பெனி அது. அக்கா பன்னிரண்டு வருடமாக ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர். நான் யாழினி, வாரம் இரண்டு நாள் வந்து, அக்கா லாகின் செய்து கொடுத்த பிறகு சர்வரைப் பராமரிக்கிறவள். போன மாதம் யாரோ வெளியிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்து ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள். காப்பி எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். ஆனால் முதலாளி சென்னிமலை விடவில்லை. பாஸ்வேர்டு தனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும், தான் யாரிடமும் சொல்லவில்லை, அப்படியானால் சொன்னது யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இந்தப் பேச்சு ஊரில் பரவினால் வேறெந்த ரிக் ஆபீஸும் அவரைச் சேர்க்காது.

நான் நேராக முதலாளியிடம் போய், “பத்து நாள் டைம் குடுங்க. தப்பு அக்கா மேலதான்னு ஆச்சுன்னா நானும் இனி வாரதில்லீங்க” என்றேன்.

உண்மையான சர்வரை வெளி இணைப்பிலிருந்து கழற்றினேன். அதே இன்டர்நெட் முகவரியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை, கம்பெனி பெயரிலேயே வைத்தேன். உள்ளே ஒன்றும் கிடையாது. யார் லாகின் செய்யப் பார்த்தாலும், என்ன பாஸ்வேர்டு போட்டார்கள் என்று குறித்து வைப்பது மட்டுமே அதற்கு வேலை. எங்கள் தொழிலில் இதற்கு ஹனிபாட் என்று பெயர். முதலாளிக்குப் பொய் சர்வர் என்று சொன்னேன். திருடனுக்கு நாமே கதவைத் திறந்து வைப்பதா என்று முறைத்தார்.

முதல் மணி நேரத்திலேயே தொள்ளாயிரம் முயற்சிகள். அட்மின், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எங்கெங்கோ இருக்கும் மெஷின்கள் சலிக்காமல் தட்டின. ஒரு வாரமும் இதே குப்பைதான். அக்கா போனை எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டாம் நாள் தட்டுகிற விதம் மாறியது. மெஷின் வேகம் இல்லை. நிமிடத்துக்கு ஒன்று, யாரோ ஆள் உட்கார்ந்து யோசித்துப் போடுகிற மாதிரி. கம்பெனி பெயர், ஆபீஸ் போன் நம்பர், பிறகு வண்டி நம்பர்கள் வரிசையாக. லிஸ்டைப் பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன். ஆறாவது வண்டி நம்பரில் கையைத் தூக்கினார்.

“இன்னொருக்கா சொல்லு, அம்மிணி.”

சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதுதான் உண்மையான சர்வரின் இப்போதைய பாஸ்வேர்டு. அக்காவை அனுப்பிய பிறகு அவரே மாற்றி, சம்சாரத்திடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தது. பழைய பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான், அதே லிஸ்டில் நாலாவது வண்டி. இரண்டும் அவருக்கு ராசியான வண்டிகளாம்.

கம்பெனி வெப்சைட்டைத் திறந்தேன். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு நிறுத்திய ஆறு வண்டிகள், நம்பர் பிளேட்டெல்லாம் பளிச்சென்று. லிஸ்டில் இருந்ததும் அதே வரிசை. யாரும் சொல்லித் தராமலே, போட்டோவைப் பார்த்தே ஊகித்திருக்கிறார்கள். அந்தப் போட்டோவைப் போடச் சொன்னதே அவர்தான்.

நறுக்கென்று நாலு கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் அவர் கார் சாவியை எடுத்துவிட்டார். “வசந்தாமணி ஊட்டுக்குப் போலாம், வா” என்றார்.

அக்கா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. முதலாளி வாசலிலேயே நின்று, “தப்பு என்னுதும்மா. எல்லாரு முன்னாலயும் உன்னக் கேட்டேன். நாளைக்கு எல்லாரு முன்னாலயும் அதச் சொல்றேன்” என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. நானும் சேர்ந்து அழுதேன்.

மறுநாள் முதலாளி டிரைவர்கள், மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, தன் தப்புத்தான் என்று சொன்னார். அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். புதுப் பாஸ்வேர்டு போட வேண்டும். வழக்கம்போல முதலாளி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். “அண்ணா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.”

அவர் ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், அக்கா அடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.