பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு வரி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், தேவாலயத்தில் பூசை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எமில்டா முப்பத்தொரு பக்கக் கட்டொன்றை என் கையில் வைத்தார். "அண்ணை, நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. இதை ஒருக்காப் பாருங்கோ." கதை எழுதுகிறவனுக்குச் சட்டமும் தெரியும் என்று நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.

2

முதல் தொடக்கம்: 'நியூயோர்க்கில் பனி கொட்டிய காலையில் மாஜிஸ்திரேட் தன் பேனாவை...' வேண்டாம். நான் நியூயோர்க்கைக் கண்டதே இல்லை.

இரண்டாவது: எமில்டாவின் கணவர் மன்னாரில் இருந்த காலத்தில் கிறிஸ்து பிறப்புக்கு ஒரு நத்தார் பாட்டுக் கட்டினார். அவர் இறந்த பிறகு அமெரிக்க இசைக் கம்பனியொன்று அதை 'இயற்றியவர் தெரியாது' என்று போட்டு வெளியிட்டது. எமில்டா அங்கேயே வழக்குப் போட்டார். கேட்டது பெயரை மட்டும்.

அங்கே ஒரு முறை. மாஜிஸ்திரேட் முதலில் வழக்கைப் படித்து, இப்படித் தீர்க்கலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரை எழுதுவார். பதினான்கு நாளுக்குள் எந்தப் பகுதிக்கு ஆட்சேபம் சொல்கிறோமோ, அதை நீதிபதி புதிதாக ஆராய்வார். நாம் வாய் திறக்காத பகுதி பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். (இந்தப் பந்தி கட்டுரை மாதிரி இருக்கிறது. தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

எமில்டா தந்த முப்பத்தொரு பக்கமும் அந்தப் பரிந்துரைதான்: வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு* எப்போதோ முடிந்துவிட்டது, வழக்கைத் தள்ளலாம். போகிறபோக்கில் பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: பாட்டை இயற்றியவர் யாரென்று தெரியவில்லை.

நியூயோர்க்கிலிருந்து சட்டத்தரணி ஜெஸ்ரின் தொலைபேசியில் மன்றாடினார்.

"கெடுவைத்தான் எதிர்க்க வேணும், அன்ரி."

"ஆறு வருசம் பேசாமல் இருந்தது நான்தானே. அது உண்மை. பத்தொன்பதாம் பக்கத்தை மட்டும் எதிர்த்து எழுதுங்கோ, பிள்ளை."

"அதால வழக்கு வெல்லாது."

"ஓம், தெரியும். அந்த வரி போனால் எனக்கு அதுவே காணும்."

பதின்மூன்றாம் நாள், ஒரு வரிக்கு மட்டும் ஆட்சேபம் போனது. கணவரின் பாட்டுக் கொப்பியில் ஒரு பக்கமும் பிரதியெடுத்துச் சேர்த்திருந்தார்கள். எமில்டா கண் கலங்கி... இல்லை. அவருக்கு ஷிப்ட் இருந்தது, பஸ் பிடிக்க ஓடினார்.

* ஜெஸ்ரின் சொன்ன கணக்கு. என்னைக் கேட்காதீர்கள்.

4

இதுவரை எழுதியதை எமில்டாவிடம் கொடுத்தேன். அடுத்த நாளே தொலைபேசி எடுத்தார்.

"நல்லா இருக்கு, அண்ணை. ஒண்டே ஒண்டுதான்."

"சொல்லுங்கோ."

"முழுக்க 'எமில்டாவின் கணவர்' எண்டு கிடக்கு. அவரின்ர பேர் எங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கம்பனி செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன். முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தேன். ஓரிடத்திலும் இல்லை.

என் கதைக்கு எமில்டா சொன்ன ஆட்சேபம் ஏற்கப்பட்டது. பாட்டைக் கட்டியவர் அருட்பிரகாசம். மேலே ஒன்றையும் திருத்தவில்லை, என் பிழையும் இருக்கட்டும்.

5

நீதிபதியின் தீர்ப்பு இன்னும் வரவில்லை. கதையின் முடிவுக்கு என் பரிந்துரை: வழக்குத் தள்ளப்படுகிறது, அந்த வரியும் நீக்கப்படுகிறது. எமில்டா பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் கேக் கொடுக்கிறார். முப்பத்தொரு பக்கமும் அப்படியே நின்றுவிடவும் கூடும். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி நீதிபதி நீங்கள். பதினான்கு நாள் இருக்கிறது. பிடிக்காவிட்டால் எந்த இடமென்று சொல்லுங்கள், பேசாமல் இருந்தால் சம்மதமென்று எடுத்துக்கொள்வேன். கேக்கை எடுத்துவிடலாம், பஸ்ஸை எடுத்துவிடலாம், என்னையே எடுத்துவிடலாம். அருட்பிரகாசம் என்ற பெயரில் மட்டும் கைவைக்க ஏலாது.