சொட்டுக்காரர் கண்ட மஞ்சள்

பெயிண்டுக் கடையில் சொட்டுச் சொட்டாக வண்ணம் கலக்குபவரைச் சொட்டுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வெள்ளையில் மட்டும் நாற்பத்தேழு வகை அவருக்கு அத்துப்படி. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்பதை, டாக்டருக்கு முந்தியே, டப்பா எண்ணோடு சொன்னார். மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்துக் கலப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். எல்லாம் மனக்கணக்கு.

அப்பேர்ப்பட்டவர் கலந்த டப்பாக்கள் மூன்று வாரமாகத் திரும்பி வந்தன.

"பாலாடை நிறம் கேட்டேன்ணே. சுவரு குளிர்ல விறைச்ச மாதிரி நீலமா நிக்குது," என்றார் ஒரு கொத்தனார்.

"உன் கண்ணைக் காட்டு, போ."

"காட்டிட்டேன். எம் பொண்டாட்டி கண்ணும் அதையேதான் சொல்லுது."

சொட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கண்ணுக்கு எல்லா டப்பாவிலும் மஞ்சள் தூக்கலாக இருந்தது, குறைத்தார், இன்னும் குறைத்தார். கண் டாக்டரோ கண்ணாடிகூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே, "திங்கட்கிழமை கலக்குற மெஷின் வருதுண்ணே. நீங்க பிரஷ் விக்கிற பக்கம் உக்காந்துக்குங்க," என்றார். முப்பது வருஷத்து நாற்காலி.

அன்றைக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் பக்கத்து மருந்துக்கடைக்காரி. அவர் டீயைத் தள்ளிவைப்பதைப் பார்த்தாள்.

"குமட்டுதா மாமா? விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதா?"

"தெரியுது. எவன் நம்புறான்?"

"நெஞ்சுக்கு டிஜாக்சின் வாங்குறீங்களே, தினம் எத்தனை?"

"டாக்டர் ஒண்ணுதான் எழுதினார்."

"நீங்க?"

சொட்டுக்காரர் மூடியைத் துடைத்தார். துடைத்த மூடியையே திரும்பத் துடைத்தார். "ரெண்டு. எந்தச் சுவரும் ஒரு பூச்சுல நிக்காதும்மா."

"அதான் மாத்திரை அட்டை தொலைஞ்சுபோச்சுன்னு பாதி மாசத்துல வந்து நின்னீங்களா? அது ஒரு செடியோட இலையிலேர்ந்து எடுக்கிற ஸ்டீராய்டு வகை மாமா. அளவா இருந்தா துடிப்பைச் சீராக்கும், இதயத்துக்குப் பலம் குடுக்கும். அந்த அளவைக் கொஞ்சம் தாண்டினாலும் விஷம். உங்க கண்ணுக்கு மஞ்சள் பூசினதும் அதுதான். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு, இப்பவே."

நாடித்துடிப்பு முப்பத்தெட்டு. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மனைவி கட்டிலருகே உட்கார்ந்து, "உங்களை நீங்களே சுவருன்னு நெனச்சீங்களா?" என்று வேளைக்கு ஒருமுறை கேட்டாள். எட்டாம் நாள் காலை தலையணை உறை வெள்ளையாகத் தெரிந்தது. பதினாறாம் எண் வெள்ளை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைக்குத் திரும்பியபோது அவர் இடத்தில் மெஷின் நின்றிருந்தது. பாலாடை நிறம் கேட்டவருக்கு முதலாளி பொத்தானை அழுத்தினார். டப்பா நிறைந்தது. சொட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் மாதிரி அட்டையையும் வைத்துப் பார்த்தார், வாழ்க்கையில் முதல்முறையாக.

"மஞ்சள் ரெண்டு சொட்டு கூடிப்போச்சு."

முதலாளி மெஷினைப் பார்த்தார், வாடிக்கையாளரைப் பார்த்தார், பிறகு மிகவும் மரியாதையாக, "அண்ணே, இன்னைக்கு மாத்திரை எத்தனை போட்டீங்க?" என்றார்.

"ஒண்ணு," என்றார் சொட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு. வாடிக்கையாளர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.