மூன்று வீட்டு மாற்றுச் சாவிகள்

லிஃப்ட் பழுதானதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கும் என் மாமனார் தெருவைப் பார்க்கவில்லை. "ஒரு தடவை கீழ போயிட்டு வந்துட்டா போதும்மா" என்று தினமும் சொல்வார், நான்தான் லிஃப்டை ஒளித்துவைத்திருப்பது போல.

மாடிக்கு ஒன்றாக மூன்றே வீடுகள். குடியிருப்புத் துறை அதிகாரி வந்து பார்த்தார்.

"புது லிஃப்ட் குடுக்கலாம். ஆனா ஒருத்தரை ஒருத்தர் நம்பாத கட்டடத்துக்குக் குடுக்கறதில்ல. யாரு பராமரிக்கறதுன்னு அடிச்சுக்கறாங்க. மாற்றுச் சாவியை ஒருத்தர்கிட்ட ஒருத்தர் குடுத்து வைங்க. வந்து திறக்கச் சொல்லிப் பாப்பேன்."

என் சாவியைக் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் கொடுத்தேன். அவள் தன்னுடையதை நடுமாடிப் பல் டாக்டரிடம் கொடுத்தாள். அவர் சாவி என்னிடம் வந்தது.

படியேறும்போதே சாவியைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று இரண்டு முறை நின்றேன். திருட்டுப் போக எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. மடிக்காத துணியும், நான் தனியாகப் பேசிக்கொள்ளும் சமையலறையும்தான் இருந்தன. அவற்றைப் பிறர் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. பூட்டுக்காரரை வரவழைத்துப் பூட்டை மாற்றினேன். அவர் ஏன் சிரித்துக்கொண்டே வேலை செய்தார் என்று அப்போது விளங்கவில்லை.

அதிகாரி வந்த அன்று அக்கா என் கதவில் சாவியைப் போட்டாள். திரும்பவில்லை.

"ஈரத்துல இறுகியிருக்கும்" என்றேன்.

டாக்டர் கதவில் நான் போட்டேன். அதுவும் அசையவில்லை. "அதுக்கு ஒரு பக்குவம் வேணும்மா" என்றார் டாக்டர், கூரையைப் பார்த்து. அக்கா கதவிலும் அதே கதை. "எண்ணெய் விட்டு நாளாச்சு" என்றாள் அவள்.

அதிகாரி பளபளத்த பூட்டைத் தடவினார். "மூணும் புதுசு. ஒரே ஆளு போட்டதா?"

மூவரும் தலையைக் குனிந்துகொண்டோம். மாமாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே பயம், ஒரே புத்தி, ஒரே பூட்டுக்காரர். அதுலயும் ஒருத்தர்கூட இன்னொருத்தரைக் காட்டிக்குடுக்கல. இப்படி ஒத்துமையான கட்டடத்தை நான் பாத்ததே இல்ல" என்றார் நெகிழ்ந்துபோய்.

லிஃப்ட் வந்தது. மாமாவைக் கீழே இறக்கினேன்.

"எங்க மாமா போகணும்?"

தெருவை ஒரு பார்வை பார்த்தார். அது அவருக்குப் போதவில்லை. "யார் வீட்டுக்காவது போலாம்மா."

அக்காவின் கதவைத் தட்டினேன். உள்ளே தையல் இயந்திரம் நின்றது.

"யாரு?"

"மேல்வீடுக்கா."

"சாவி கேட்டா வந்திருக்க?"

"இல்லக்கா. சும்மாதான்."

இத்தனை வருடத்தில் அந்தக் கதவின் முன் நான் சும்மா நின்றதில்லை. உள்ளே அவசரமாகத் துணிகளை ஒதுக்கும் சத்தம். பிறகு புதுப் பூட்டு திறக்கும் ஓசை கேட்டது.