முடிவுகளில் மாற்றமில்லை

1

இந்தக் கதை ஒரு திருத்தக் குறிப்பிலிருந்து பிறந்தது. மூளை ஆய்விதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் நாலே வரி: 'இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் ஞாபகத்திறன் பற்றிய கட்டுரையில் நிதியுதவி இல்லை எனத் தவறுதலாக அச்சாகிவிட்டது. நிதி வழங்கியது களைக்கொல்லி தயாரிக்கும் நிறுவனம். முடிவுகளில் மாற்றமில்லை.'

தவறுதலாக! வாசகரே, அந்த ஒரு சொல்லுக்காகவே எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: டிக்கோயா மலைகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு

(அடித்துவிட்டேன். பனிக்கு இதில் வேலையில்லை.)

வினோதாவிலிருந்து தொடங்குகிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து பட்டம் வாங்கியவள். அந்த ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள். இருபது வருடம் களைக்கொல்லி அடித்த முத்துலிங்கத்துக்குச் சில நாள் மனைவியின் பெயரே வராது. அவரிடம், "இன்னிக்கு என்ன தேதிங்க மாமா?" என்றாள்.

"ஏழாம் நம்பர் மலை."

சுழியம் போட்டாள். (அன்று கொழுந்து பறித்த மலை அதுதான். தோட்டத்தில் நாளுக்கு அதுவே அடையாளம். அதற்குத் தாளில் கட்டமில்லை.)

அவரைப் போன்றவர்களின் மறதிக்குப் படிப்பில்லாததே காரணம் என்றது கட்டுரை. பணம் யாருடையது என்று பிறகு தெரியவந்தபோது, ஒன்றரை வருடம் கடிதம் எழுதித் திருத்தம் வாங்கியவளும் வினோதாதான்.

(இவளை இவ்வளவு நல்லவளாக்கலாமா? அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கியவள்தானே. அந்தக் குத்தல் அவளுக்கும் இருந்தது.)

3

திருத்தம் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் பஸ் ஏறி முத்துலிங்கத்தின் மனைவி பேச்சியம்மாவைப் பார்க்கப் போனாள். மாமாவுக்கு இப்படி ஆனதற்கு அவர் அடித்த விஷம் காரணமாக இருக்கலாம், அதைக் கட்டுரை தேடவே இல்லை என்று சொல்லிவிடத்தான் போனாள்.

"அத்தை, அன்னிக்கு நாங்க கேள்வி கேட்டோமே, அதுக்குச் சல்லி குடுத்தது யாருன்னு மறைச்சிட்டாங்க. இப்பத்தான் ஒத்துக்கிட்டாங்க. மருந்துக் கம்பெனிங்க."

(களைக்கொல்லி என்பது அச்சுத் தமிழ். லயத்தில் அதுவும் மருந்துதான்.)

பேச்சியம்மாவின் முகம் மலர்ந்தது. "என்னங்க, கேட்டீங்களா? மருந்துக் கம்பெனியே உங்கள விசாரிக்குதாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். வினோதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப புள்ள அனுப்புவாங்க? சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கணுமா, பின்னாடியா?"

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வினோதா உண்மையைச் சொல்கிறாள். பேச்சியம்மா கையை உதறிவிடுகிறாள். மற்றதில், "பின்னாடி அத்தை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் உள்ளே இருக்கிற மனிதருக்கு ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை.

பேச்சியம்மா இன்னும் கையை விடவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் பதில் சொல்லுங்கள்.