மோசஸின் பல் செட்

புதுப் பல்லோடு மோசஸ் முதன்முதலாக டிரம்பெட்டை உதட்டில் வைத்தபோது வெறும் காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபில் முள் குத்தினால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. கருங்குழிக்கு வெளியே வயல்காட்டில் பம்பு செட் கொட்டகை நிழலில் பேண்டு செட்டின் மற்ற ஏழு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வேப்பமரத்தடியில் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தேன். மோசஸ் என் வீட்டுக்காரர். பெரிய டிரம் அடிக்கிற ஆபிரகாம் என் தம்பி.

"மாமா, பேண்டு செட்டும் பல்லு செட்டும் பேசி வச்சிகினு சண்ட போடுதா?" என்றான் ஆபிரகாம். எல்லாரும் சிரித்தார்கள். மோசஸும் சிரித்தார். அப்போதுதான் அந்தப் பல் முழுசாகத் தெரிந்தது. ஆறு பல்லும் சோளக்கதிர் மாதிரி ஒரே வரிசை, ஒரே வெள்ளை. இத்தனை நாள் பார்த்த முகத்தில் யாரோ வேற்றாள் வந்து உட்கார்ந்துகொண்டு சிரித்தது போல எனக்கு இருந்தது. ஆனால் அழகாக இருந்தது, பிள்ளைகளே. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று என்று நினைக்கிறேன். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எதை எடுத்தாலும் செட்டுதான். ஏற்றம் இறைத்த கிணற்றில் பம்பு செட் வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் ரேடியோ செட் வந்தது. கல்யாணம் என்றால் மைக் செட், காது குத்தல் என்றால் மைக் செட். மாமல்லபுரத்தில் சினிமாக்காரர்கள் அட்டையில் கோயில் கட்டினால் அதுவும் செட். கூடப் படித்தவனைக் காட்டி "அவன் என் செட்டு" என்பார்கள். கொத்து வேலைக்குப் போகிற ஆபிரகாம், சிமெண்டைப் பூசிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, "செட்டு ஆவ வுடுங்கடா, கை வைக்காதீங்க" என்பான். இங்கிலீஷ்காரனுக்கே அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலை தெரியுமோ என்னவோ, எங்களுக்குத் தெரிந்திருந்தது. மளிகைக் கடைக்குப் போகிறவள் மஞ்சள் கேட்கிற மாதிரி சாதாரணமாக வாயில் வந்து போகும். மோசஸின் வாயில்தான் அது வந்து மாட்டிக்கொண்டது.

ஈறு வீங்கிச் சீழ் பிடித்து, செங்கல்பட்டில் மேல்வரிசை முன்பல் ஆறையும் பிடுங்கிப் போட்டார்கள். முன்பல் இல்லாதவனால் டிரம்பெட் ஊத முடியாது. உதட்டுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும். கருவியில் உதடு வைத்து ஊதுகிற வாய்ப்பூண் அதன்மேல்தான் சாய்கிறது. அதற்காகத்தான் பல் செட் கட்டினோம். எங்கள் பேண்டு செட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் டிரம்பெட் ஊதுகிறவன் பெயர்தான் பெரிய டிரம்மில் எழுதியிருக்கும். மோசஸின் சித்தப்பா ஊதிய காலத்தில் அது சாமுவேல் பேண்டு செட். இருமல் வந்து அவர் கருவியைக் கீழே வைத்த அன்று சாயங்காலமே, மண்ணெண்ணெய்த் துணியால் சாமுவேலைத் துடைத்துவிட்டு மோசஸை எழுதினார்கள். துடைத்ததும் அந்தச் சித்தப்பாதான். இதில் சண்டையும் இல்லை, சலுகையும் இல்லை.

அடுத்து ஊத ஒத்துக்கொண்டிருந்த கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் காத்தவராயன் என்கிற படகுக்காரர் தன் மகள் பூவாயிக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அந்தக் குப்பத்தில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் கரைக்கு நடந்து போய்க் கடலைப் பார்த்து நிற்பார்கள். அப்போது டிரம் அடிக்கக்கூடாது, மற்ற எதுவும் ஊதக்கூடாது. ஒற்றை டிரம்பெட் ஒரு பாட்டு முழுக்க ஊத வேண்டும். கடல் கேட்க வேண்டுமாம். மற்ற இடம் என்றால் எட்டுப் பேர் சத்தத்தில் ஒருத்தன் தடுமாறினாலும் தெரியாது. அங்கே ஒளிய இடமில்லை.

இரண்டாவது டிரம்பெட் தாமோதரன் நல்ல மனுஷன். மோசஸை ஓரமாக அழைத்துப் போய், "அண்ணாத்த, கரைல நான் ஊதறேன். நீ முன்னால நின்னுகினு வாயில வச்சிக்கோ. எவனுக்குத் தெரியப் போவுது? டிரம்ல பேரு மாத்த வாணாம்" என்றான்.

"எனக்குத் தெரியும்ல" என்றார் மோசஸ்.

"பேஜாரு புடிச்ச மனுஷன்யா நீ."

"நீ ஊதுனா உன் பேருதான் எழுதணும். அத நானே தொடச்சித் தரேன். ஆனா இன்னும் பன்னெண்டு நாளு கீது."

நாலு நாள் ஊதினார். காலையில் கூலிக்குப் போவதற்கு முன்னும், மத்தியானம் கொட்டகை நிழலிலும். உதடு வெடித்து ரத்தம் கட்டியது. கீழ் சுரம் கொஞ்சம் வந்தது. மேலே ஏறினால் வாய்ப்பூண் அந்த வழவழப்பான வரிசையில் சறுக்கி மூக்குப் பக்கம் ஓடியது. "பிடிமானமே இல்லம்மே, எண்ண தடவுன கல்லுல கால வச்ச மாதிரி கீது" என்றார். அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கே தப்பு நடந்தது என்று அந்த நேரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. அந்தத் தப்பைச் செய்தவளே நான்தான்.

செங்கல்பட்டில் பல் கட்டுகிற ராமானுஜம் எங்களிடம், பழைய போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், பல் எப்படி இருந்தது என்று பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்ததே ஒரு போட்டோதான். கல்யாணத்தன்று எடுத்தது. அதில் மோசஸ் பல் தெரியச் சிரித்திருப்பார். அதைச் சட்டத்தோடு கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த மனிதர் லென்ஸ் வைத்துப் பார்த்து, அப்படியே அச்சாகச் செய்து கொடுத்துவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மறுநாள் கூலியை விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். டிரம்பெட்டையும் எடுத்துவரச் சொன்னேன். எதுக்கு என்று கேட்டார். வா என்றேன்.

ராமானுஜத்தின் கடையில் மோசஸ் ஊதிக் காட்டினார். காற்று வந்தது. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த ஒருத்தர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"போட்டோல இருந்தபடிதானே செஞ்சிருக்கேன்?" என்றார் ராமானுஜம். "நீங்களே பாருங்கோ."

"போட்டோ பொய்யிங்க" என்றேன்.

மோசஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆரம்பித்ததை நான் நிறுத்தவில்லை. எங்கள் கல்யாணத்தில் எனக்குப் பதினேழு வயது. இவருக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் துருத்திக்கொண்டு, கொஞ்சம் திரும்பி நிற்கும். போட்டோ எடுத்து முடித்து இவர் வெளியே போனதும், ஸ்டுடியோக்காரரிடம் மெதுவாக, அந்தப் பல்லை மட்டும் சரி பண்ணிவிட முடியுமா என்று கேட்டேன். அவர் பென்சிலை வைத்து டச் பண்ணி நேராக்கிவிட்டார். பதினாலு வருஷம் அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து, நேரான பல்தான் என்று எனக்கே பழகிப்போனது. கருவி மட்டும் மறக்கவில்லை. அந்தக் கோணல் பல்லின் மேல்தான் அது இத்தனை வருஷமும் காலூன்றி நின்றிருக்கிறது.

இதை ராமானுஜத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். மோசஸைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"அப்ப ஒனக்குப் புடிக்கலியா?"

"அப்ப புடிக்கல."

"இப்ப?"

"இப்ப அதான் வோணும்யா."

அவர் எதிர்ச்சுவரில் தொங்கிய கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். உதட்டை விரித்தார். மூடினார். மறுபடி விரித்தார். முப்பத்தெட்டு வயசில்தான் அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்திருந்தது. நாலு நாளாகத் தெருவில் போகும்போது தேவையில்லாமல் எல்லாரையும் நிறுத்திப் பேசினார், எனக்குத் தெரியும். கருங்குழி டீக்கடையில் "இன்னா நைனா, ஈரோ ஆயிட்ட!" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னார். அதை விட்டுக்கொடு என்று நான் எந்த வாயால் கேட்பேன்? கேட்கவில்லை.

அவரே வாய்க்குள் கையை விட்டுக் கழற்றி, மேஜைமேல் வைத்தார். "கோணலா பண்ணிக் குடுங்க சாமி."

ராமானுஜம் தலையைச் சொறிந்தார். "முப்பது வருஷமா கோணலை நேராக்கறதுதான் தொழில். எவ்வளவு கோணல்னு எதைப் பார்த்துச் செய்யறது? அளவு வேணுமே?"

"நான் காட்றேன்" என்றேன்.

சிவப்பு மெழுகை வெந்நீரில் இளக்கி, மோசஸின் வாயை அளவெடுத்த அச்சில் வரிசையாக ஒட்டிக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கத்து மெழுகுப் பல்லை முன்னால் இழுத்தேன். நகத்தால் ஒரு பக்கம் திருப்பினேன். கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு அரிசி கனம் வெளியே வர வேண்டும். இழுத்தேன். அந்த அளவு உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள், பிள்ளைகளே. கண்ணைத் திறந்தபோது மோசஸ் காதுவரை சிவந்துபோய் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ராமானுஜம் மெழுகைக் கையில் வாங்கி, "செட் ஆகட்டும், தொடாதீங்கோ" என்று குளிர்ந்த தண்ணீரில் போட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் புதுச் செட் கைக்கு வந்தது. கொட்டகை நிழலில் மேல் சுரம் நின்றது. முன்பு போல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் நின்றது. ஆபிரகாம் பம்பு செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஒருமுறை கேட்டான்.

நான் அதுவரை பேண்டு செட்டோடு கல்யாணத்துக்குப் போனதில்லை. அன்று போனேன். காலை ஒன்பது மணிக்குத் தாலி கட்டியாயிற்று. எல்லாரும் நாஸ்தாவை விட்டுவிட்டுக் கரைக்கு நடந்தார்கள். தெற்குக் காற்று வலுத்து வீசியது, மணல் கணுக்காலில் சுரீர் சுரீரென்று அடித்தது. பூவாயியும் மாப்பிள்ளையும் மாலையைக் கையால் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார்கள். டிரம்மை ஆபிரகாம் தரையில் இறக்கி வைத்தான். மோசஸ் ஐந்தடி முன்னால் போய் நின்று ஊத ஆரம்பித்தார்.

பாட்டின் முதல் அடி வந்தது. இரண்டாவது அடி ஏறியது. காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது, முடியவில்லை. வலைக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மேலே ஏறுகிற இடம் வந்தது. ஏறினார். அங்கே சட்டென்று நிறுத்திவிட்டார்.

தாமோதரன் தன் கருவியை இடுப்பிலிருந்து நெஞ்சுக்குத் தூக்கினான். மோசஸ் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தி வேண்டாம் என்று ஆட்டினார்.

"இன்னா பேண்டு மேஸ்திரி, அவ்ளோதானா?" என்று காத்தவராயன் குரல் கொடுத்தார்.

"பல்லுக்குள்ள மண்ணு பூந்துகிச்சுங்க. இருங்க, பாதிதான் ஆவுது, மீதியும் ஊதறேன்."

டிரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு கிழவி "சும்மா இருடி" என்று அதட்டினாள். முழங்கால் அளவுத் தண்ணீரில், இருநூறு பேர் பார்க்க, பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்தி, வருகிற அலைக்குக் குனிந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நுரை அவர் விரல்களுக்குள் புகுந்து வெளியே வந்தது.