ஷர்மிளாவுக்குக் கோவையில் இடம்

கலந்தாய்வில் கோவை அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று ஷர்மிளா முதலில் அழைத்தது சித்தி வித்யாவைத்தான். குரலில் சந்தோஷமே இல்லை. அப்பா விடமாட்டேன் என்கிறார் என்றாள்.

அவள் அப்பா எத்திராஜ் சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். பெண்ணை ஹாஸ்டலில் விட அவருக்கு மனமில்லை. தெருமுனைக்கே பஸ் அனுப்பும் தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி, முன்பணமும் கட்டிவிட்டார். மீதிக்கெல்லாம் கல்விக்கடன்.

வித்யா அன்று மாலையே அம்பத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். தன் கல்விக்கடன் முப்பத்திரண்டு வயதில்தான் தீர்ந்தது, பிடிக்காத வேலையை அதற்காகவே விடமுடியாமல் கிடந்தேன் என்றெல்லாம் சொன்னாள். எத்திராஜ் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ கட்டி முடிக்கலியா? அவளும் வேலைக்குப் போயி கட்டிக்கினு போறா. புள்ள என் கண்ணு முன்னால கீது, அது போதும்.”

“வேலை கிடைக்கலன்னா மாமா?”

“நல்ல வார்த்தையே உன் வாயில வராதா?”

அக்கா புஷ்பா பேசாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வித்யாவுக்கு அவள்மேல்தான் அதிக ஆத்திரம்.

மறுநாள் ஷர்மிளா யாரையும் கேட்காமல் கோவை இடத்தைத் தன் போனிலேயே உறுதி செய்துவிட்டாள். ஆனால் சேர்வதற்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும். அவற்றை முன்பணத்தோடு தனியார் கல்லூரி வாங்கி வைத்திருந்தது. வித்யா லீவு போட்டு அவளை அங்கே கூட்டிப் போனாள். பொறுப்பாளர் வரவில்லை என்றார்கள். இன்னொரு நாள் போனபோது, அப்பா நேரில் வரவேண்டும் என்றார்கள்.

கடைசித் தேதி நெருங்கியது. மகள் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து எத்திராஜ் கிளம்பினார். இடத்தை ரத்து செய்ய அல்ல, அங்கேயே வைத்து இருவருக்கும் புத்தி சொல்லத்தான் வருவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் அவரே ஒரு சந்தேகம் கேட்டார். நடுவில் தன்னால் பணம் கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது?

“நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு சர்டிபிகேட் வாங்கிட்டுப் போங்க” என்றார் எழுத்தர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே.

“படிக்காத வருசத்துக்குமா?”

“அதான் ரூல்.”

எத்திராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என் புள்ள சர்டிபிகேட்ட குடு. வாங்காம நான் எழுந்துக்க மாட்டேன்.”

சாயங்காலம் வரை அசையவில்லை. கடைசியில், முன்பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் வித்யா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

“அம்பதாயிரம் போச்சு, உன்னால” என்றார் அவர்.

பணம் கட்டும் முன்பே அந்தச் சந்தேகத்தைக் கேட்டிருந்தால் போயிருக்காது என்று அவளுக்கு நாக்கு வரை வந்தது. முன் சீட்டில் ஷர்மிளா சான்றிதழ் கவரை மடியில் அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டாள். கோவைக்கு நீங்களும் வருகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். லீவு கிடைக்காது, புஷ்பா போகட்டும் என்றார். வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“அந்த ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எத்தினி பேரு?”

வித்யாவுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றாள்.